கோல்ஃப்: கடைசி முப்பது தப்படிதான் நமக்கு

ஜவ்வாது மலையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆலங்காயத்தில் ஏறி ஜமுனாமரத்தூர் வழியாகப் போளூரில் இறங்கினாலும், கொடி நட்ட குழி ஒன்றுகூடக் கண்ணில் படாது. சாமை விளையும், பலா காய்க்கும், தேன் கிடைக்கும், கோல்ஃப் கிடையாது. பிறகு எதற்கு இந்தத் தலைப்பு என்று கேட்பீர்கள்.

காரணம் இருக்கிறது. நம் பக்கத்து ஊர்களில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. அவர்களில் சிலர் கன்டோன்மென்ட் மைதானங்களில் இந்த ஆட்டத்தைப் பழகியிருக்கிறார்கள். பொதுத்துறை நிறுவனங்களில் வேலை பார்த்த சிலரும் அங்கங்கே கற்றுக்கொண்டார்கள். என் கதையும் அதுதான். பணிக்காலத்தில் வடக்கே ஒரு ராணுவக் குடியிருப்பை ஒட்டிய மைதானத்தில் பழகினேன். இன்னும் சிலர் மகன் வீடு, மகள் வீடு என்று அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய் ஆறு மாதம் இருக்கும்போது மாப்பிள்ளையோடு மைதானம் போய்ப் பார்த்தவர்கள். இவர்களில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் கடைசியில் ஒரே பதில்தான் வரும்: "முன்ன மாதிரி பந்து தூரம் போகலை சார். அதான் விட்டுட்டேன்."

இந்த "விட்டுட்டேன்" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கோல்ஃப் என்பது குழியிலிருந்து முப்பது தப்படிக்குள் நடக்கும் ஆட்டம். அதற்கு வெளியே நடப்பது நம் உடம்பு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறதோ அவ்வளவு. நாம் பழக வேண்டியதும், பெருமைப்பட வேண்டியதும், எண்பது வயதுவரை கைவிடாமல் வைத்திருக்கக்கூடியதும் அந்த முப்பது தப்படிதான். தூரத்தை வைத்து ஆட்டத்தை அளப்பவர் அறுபத்தைந்தில் மட்டையை மச்சில் போடுவார். குழிப்பக்கத்தை வைத்து அளப்பவர் ஆடிக்கொண்டே இருப்பார்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். முழு மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் 'பார்' என்று பெயர். மொத்தம் பெரும்பாலும் 72. முதலில் டிரைவர் என்ற நீண்ட மட்டையால் ஓங்கி அடிப்பார்கள். (டிரைவர் என்றதும் வண்டி ஓட்டுபவரை நினைக்க வேண்டாம்.) பிறகு இரும்பு மட்டைகள். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கும், அதற்குக் 'கிரீன்'. கிரீனுக்கு வெளியே சற்றுத் தள்ளிப் பந்து நின்றால் அதைச் சிறிதாகத் தூக்கிப் போட்டு உருளவிடுவது 'சிப்'. கிரீனில் தட்டி உருட்டுவது 'பட்'. சிப், பட், மணற்குழியிலிருந்து எடுப்பது, இவை எல்லாம் சேர்ந்ததுதான் 'ஷார்ட் கேம்'. கிட்டத்து ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார் கணக்கைக் கவனியுங்கள். ஒவ்வொரு குழிக்கும் கிரீனில் இரண்டு பட் என்று வைத்துத்தான் அந்தக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 18 குழிக்கு 36 பட். 72இல் சரிபாதி! முந்நூறு கெஜம் பறந்த அடிக்கும் ஒன்று, மூன்றடி தூரம் உருண்ட தட்டலுக்கும் ஒன்று. கணக்குப் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே விலை. ஆனால் பயிற்சிக்குப் போகிறவர்கள் கூடை நிறையப் பந்து வாங்கி, அத்தனையையும் ஓங்கி ஓங்கி அடித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். பட்டிங் பழகும் இடம் காலியாகக் கிடக்கும்.

குழியின் அளவு என்ன தெரியுமா? நாலேகால் அங்குலம் குறுக்களவு. நம் கணக்கில் அரைச் சாணுக்கும் சற்றுக் குறைவு. ஸ்காட்லாந்தில் மஸ்ஸல்பரோ என்ற ஊரில் 1829ஆம் ஆண்டுக் குழி வெட்டும் கருவி ஒன்று இருக்கிறது. அந்த அளவையே 1891இல் எல்லா மைதானங்களுக்கும் விதியாக்கினார்கள். அதே 1829இல்தான் கல்கத்தாவில் கோல்ஃப் சங்கம் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுதான் முதல். நம் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் வந்தது. மட்டை மாறியது, பந்து மாறியது, அடிக்கும் தூரம் எங்கேயோ போய்விட்டது. அந்த அரைச் சாண் குழி மட்டும் மாறவில்லை. பந்தின் குறுக்களவு 1.68 அங்குலம். இரண்டரைப் பந்து அகலமுள்ள குழிக்குள் ஒரு பந்தை விடுவதற்குப் புஜபலம் எதற்கு?

பலம் வேண்டாம் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று. 1938இல் அமெரிக்காவின் பிஜிஏ சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் சாம் ஸ்னீட், அந்தக் காலத்தில் பந்தை மிக நீளமாக அடிப்பவர்களில் ஒருவர். மறுபக்கம் பால் ரன்யன், சிறிய உருவம், குறைந்த தூரம். ஸ்னீட் அடித்த பந்து எப்போதும் முன்னால் கிடக்கும். ரன்யன் பின்னாலிருந்து அடித்து, குழிப்பக்கத்தில் சிப் போட்டு, ஒரே பட்டில் முடிப்பார். 36 குழி ஆட்டம். இன்னும் 7 குழி பாக்கி இருக்கும்போதே ரன்யன் 8 குழி முன்னிலை பெற்று வென்றுவிட்டார். பெரிய அடி பார்க்க நன்றாக இருந்தது. கோப்பை சின்ன அடிக்குப் போனது.

இன்னொரு சாட்சி நம் வயதுக்காரர். 2009 ஜூலை, ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் ஓபன் சாம்பியன்ஷிப். டாம் வாட்சனுக்கு 59 வயது. அறுபது நிறைய இரண்டு மாதம்கூட இல்லை. நான்கு நாள் இளைஞர்களோடு ஆடி, கடைசிக் குழிக்கு வரும்போது முன்னிலையில் இருந்தார். நான்கு அடியில் முடித்தால் ஆறாவது முறை கோப்பை. இரண்டாவது அடியில் பந்து கிரீனில் விழுந்து, உருண்டு பின்பக்க விளிம்பைத் தாண்டி நின்றது. அங்கிருந்து பட்டரால் தட்டினார். பந்து குழியைத் தாண்டி ஏறக்குறைய எட்டு அடி தூரம் போய்விட்டது. அதைத் திரும்ப உருட்டியது குழிக்குள் போகவில்லை. கூடுதல் ஆட்டத்தில் ஸ்டூவர்ட் சிங்க் வென்றார்.

இதை டிவியில் பார்த்தவர்கள் எல்லாரும் "கடைசி பட்டைத் தவறவிட்டுவிட்டாரே" என்றார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எட்டு அடி தூரப் பட் என்பது உலகின் முதல்தர ஆட்டக்காரர்களுக்கே இரண்டுக்கு ஒன்றுதான் விழும். பூவா தலையா மாதிரி. கோப்பை போனது அதற்கு முந்தைய தட்டலில். அது குழியை ஒட்டி இரண்டடிக்குள் நின்றிருந்தால், வாட்சன் கண்ணை மூடிக்கொண்டு முடித்திருப்பார். ஆக, 59 வயதில் உலகக் கோப்பைக்கு இணையான ஒன்றை வெல்லத் தேவைப்பட்ட தூரமெல்லாம் அவரிடம் இருந்தது. குறைந்தது வேகக் கணக்கு மட்டும்.

அந்த வேகத்துக்கு ஒரு நல்ல அளவு உண்டு. டேவ் பெல்ஸ் என்று ஒருவர். நாசாவில் இயற்பியலாளராக இருந்து, வேலையை விட்டுவிட்டு வாழ்நாள் முழுவதும் கிட்டத்து ஆட்டத்தையே ஆராய்ந்தவர். பட் விழாமல் போனால் குழியைத் தாண்டி 17 அங்குலத்தில் நிற்க வேண்டும், அந்த வேகம்தான் சரியான வேகம் என்று சோதனைகள் செய்து சொன்னார். 17 அங்குலம் என்றால் என்ன? பூக்காரம்மா அளக்கிற ஒரு முழம்! குழிக்கு முன்னால் நின்றுவிட்ட பந்து எந்தக் காலத்திலும் விழாது. முழத்துக்கு மேல் ஓடுகிற பந்து குழியின் விளிம்பில் பட்டாலும் தெறித்துவிடும். குழிக்கு அப்பால் ஒரு முழம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான அடிகளின் கணக்கை எடுத்து ஆராய்ந்து 2014இல் ஒரு புத்தகம் எழுதினார். சிறந்த ஆட்டக்காரருக்கும் சராசரி ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூர ஆட்டத்தால் வருகிறது, கிட்டத்து ஆட்டத்தால் வருவது மூன்றில் ஒரு பங்குதான் என்பது அவர் முடிவு. பட்டிங்தான் எல்லாம் என்ற பழைய நம்பிக்கைக்கு அது பெரிய அடி.

அவர் கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பார்க்க வேண்டும். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அது பதில். அறுபத்தெட்டு வயதுக்காரர் அடுத்த மாதத்துக்குள் எதை மாற்றிக்கொள்ள முடியும் என்பது வேறு கேள்வி. என்ன செய்தாலும் நம் தூரம் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் குறையும். மீட்க நினைத்து முறுக்கினால் இடுப்பும் தோளும் பதில் சொல்லும். முப்பது தப்படியிலிருந்து மூன்று அடி எடுத்தவர் இரண்டு அடியில் முடிக்கப் பழகுவது மட்டும் எந்த வயதிலும் முடியும். வருமானம் கூடாத காலத்தில் செலவைக் குறைக்கிறோம் இல்லையா? பென்ஷன்காரருக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

"சரி, மைதானமே இல்லாத ஊரில் எங்கே பழகுவது?" என்பது அடுத்த கேள்வி. களத்தில்தான்.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. நம் நாட்டில் தண்ணீர் வசதியில்லாத பல மைதானங்களில் கிரீனே பச்சையாக இருந்ததில்லை. மணலில் எண்ணெய் கலந்து, இழைத்துச் சமமாக்கி, அதில் பட் ஆடினார்கள். அதன் பெயரே 'பிரவுன்'. நானும் முதலில் பட் தட்டிப் பழகியது பிரவுனில்தான். சாணி மெழுகிய நெற்களம், சாமை அடிக்கிற களம், சிமென்ட் போடாத பழைய வீட்டு வாசல், எல்லாம் அதற்குக் குறைந்ததில்லை. அறுவடைக் காலம் போக மற்ற நாளில் களம் சும்மாதான் கிடக்கிறது. உடைமைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஓரமாக ஒரு பெரிய கொட்டாங்குச்சியைத் தரைமட்டத்துக்குப் பதித்தால் குழி தயார். ஏறக்குறைய அதே அரைச் சாண்தான்.

நான் மலைமேல் ஒரு களத்தில் இப்படி உருட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நிலத்துக்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர் நின்று பார்த்தார்.

"என்னங்க ஐயா, இந்த வயசுல கோலி ஆடறீங்க?"

"கோலி மாதிரிதாங்க. நீங்க ஒண்ணு போடுங்க பாப்போம்" என்று மட்டையை நீட்டினேன். மட்டை வேண்டாம் என்று பந்தைக் கையில் வாங்கினார். குனிந்து தரையை ஒருமுறை பார்த்தார். பன்னிரண்டு தப்படியிலிருந்து உருட்டினார். குழிக்கு நேராக விடவில்லை. மேட்டுப்பக்கம் ஒரு முழம் தள்ளி விட்டார். பந்து வளைந்து வந்து கொட்டாங்குச்சிக்கு அரை அடியில் நின்றது.

"எப்படிங்க?" என்றேன்.

"மழ பேஞ்சா தண்ணி அப்படித்தானே வரும்" என்றார்.

கிரீனின் சரிவைப் படிப்பது எப்படி என்று புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவர் சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடும் என்று பாருங்கள். பந்தும் அந்தப் பக்கம்தான் ஓடும். மேட்டிலும் சரிவிலும் உழுது பிழைக்கிறவர்களுக்கு இது பாலபாடம். சின்ன வயதில் கோலியும் கில்லியும் ஆடிய நமக்கும் இது உள்ளே எங்கேயோ இருக்கிறது. கண் அளக்கும், கை கேட்கும்.

இனிப் பயிற்சி. ஒரு பட்டர், ஓர் எட்டாம் எண் இரும்பு மட்டை, நான்கு பந்து போதும். பழையது கிடைத்தாலும் நல்லதுதான். ஸ்பெயின் நாட்டின் செவி பாயஸ்டெரோஸ் சிறுவனாக இருந்தபோது பெட்ரேனா கடற்கரை மணலில் ஒரே ஒரு பழைய மூன்றாம் எண் இரும்பை வைத்துக்கொண்டுதான் எல்லா அடியும் பழகினார். பிற்காலத்தில் ஐந்து பெரிய பட்டங்கள் வென்ற அவருடைய கிட்டத்து ஆட்டத்தைப் பார்த்து மற்றவர்கள் வாய் பிளந்தார்கள். நம் நாட்டில் அலி ஷேர் டெல்லியில் மட்டை தூக்கும் கேடியாக இருந்தவர். 1991, 1993 இரண்டு முறையும் இந்தியன் ஓபனை வென்றார். 2009இல் அதே பட்டத்தை வென்ற முனியப்பாவும் பெங்களூரில் கேடியாக இருந்தவர்தான். சாமான் அதிகம் இருந்ததால் யாரும் வந்துவிடவில்லை.

முதல் பத்து நிமிடம் தூரப் பட். ஐந்து, பத்து, பதினைந்து தப்படியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். குழியில் விழ வேண்டும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கைத்தடியைக் குழியை ஒட்டி வைத்து ஒரு வட்டம் கீறுங்கள். சுமார் மூன்றடி வரும். பந்து அந்த வட்டத்துக்குள் நின்றால் வெற்றி. கையை மணிக்கட்டில் மடக்காமல் தோளிலிருந்து ஊஞ்சல் போல ஆட்டுங்கள். தூரம் அதிகமானால் ஊஞ்சலை நீளமாக்குங்கள். வேகமாக வெட்டி இழுக்க வேண்டாம்.

அடுத்த ஐந்து நிமிடம் அந்த வட்டத்தின் விளிம்பிலிருந்து கிட்டத்துப் பட். தட்டியதும் தலையைத் தூக்கிப் பார்க்கும் ஆசை வரும். பார்க்காதீர்கள். கொட்டாங்குச்சியில் 'டொக்' என்று விழும் சத்தத்தைக் காதால் கேளுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் சிப். களத்துக்கு வெளியே நான்கு தப்படி தள்ளி நின்றுகொள்ளுங்கள். களத்தின் விளிம்பை ஒட்டி ஒரு கோணிச் சாக்கை விரித்துப் போடுங்கள். பந்து அந்தச் சாக்கில் விழுந்து, மீதித் தூரம் உருண்டு போக வேண்டும். பந்தை வலது பாதத்துக்கு நேராக வைத்து, உடம்பின் பாரத்தை இடது காலில் போட்டு, கைகள் பந்துக்குச் சற்று முன்னால் இருக்கும்படி பிடித்துத் தட்டுங்கள். பந்தைத் தூக்கிவிட முயல வேண்டாம். மட்டையின் சாய்வே தூக்கும். கூடுமானவரை பந்து தரையில் உருள வேண்டும். பறக்கும் பந்தைவிட உருளும் பந்து நம் பேச்சைக் கேட்கும்.

கை நடுங்குகிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குட்டிப் பட் அடிக்கும்போது கை தானாக வெட்டி இழுக்கும் ஒரு கோளாறு உண்டு, யிப்ஸ் என்பார்கள். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கரை அது இளம் வயதிலேயே பிடித்துக்கொண்டது. அவர் மட்டையை எறியவில்லை. இடது கையைக் கீழே வைத்துப் பார்த்தார். பிறகு இடது முன்கையையும் மட்டையையும் சேர்த்து வலது கையால் பிடித்துப் பார்த்தார். பிறகு நீண்ட பட்டருக்கு மாறினார். நடுவில் 1985, 1993 இரண்டு முறை மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். 2023இல், 65 வயதில், அமெரிக்க சீனியர் ஓபனை வென்று, ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான சாம்பியன்ஸ் டூரில் மிக அதிக வெற்றி பெற்றவர் ஆனார். பிடி ஒத்துவரவில்லை என்றால் பிடியை மாற்றலாம். ஆட்டத்தை விட வேண்டியதில்லை.

இதே காரணத்தால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா வளர வேண்டும் என்றால் மலைமேல் ஒரு கோல்ஃப் மைதானம் வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 18 குழி மைதானம் நூறு ஏக்கருக்கு மேல் விழுங்கும். கோடையில் புல்லைப் பச்சையாக வைத்திருக்கத் தண்ணீர் கேட்கும். அந்த நிலமும் தண்ணீரும் இங்கே சாமைக்கும் மாட்டுக்கும் குடத்துக்கும் வேண்டும். கோல்ஃப் பிடித்தவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் நம் வயதுக்கு வேண்டிய பாதி ஒரு கபடிக் களத்துக்குள் அடங்கிவிடும். மீதிப் பாதி வேண்டும் என்கிறவர் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ வருடம் ஒருமுறை போய் வரட்டும்.

கடைசியாக, பேரப்பிள்ளைகள். விடுமுறைக்கு வரும் பேரனோடு நாம் ஓட முடியாது, கிரிக்கெட்டில் அவன் போடும் பந்தைப் பார்க்கவும் முடியாது. அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பான், நாம் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பத்தடி தூரப் பட்டில் மட்டும் பதினாறு வயதும் எழுபது வயதும் சமம். இருபத்தைந்து நிமிடம் தினமும் பழகிய தாத்தாதான் ஜெயிப்பார். தோற்ற பேரன் மறுநாள் காலையில் மட்டையை எடுத்துக்கொண்டு அவனாகவே வருவான். மச்சில் கிடக்கும் பட்டரைத் தூசி தட்டி எடுக்க இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.